எடிஃபையர் ஆர் 1280 டிபி: சாட்ஸ்வொர்த் வீட்டு லவுஞ்சில் எப்படி இருக்கிறது?

நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடிஃபையர் ஆர் 1280 டிபி நல்ல ஸ்பீக்கர், கொடுத்த காசுக்குக் குறை வைக்காது. ஆனால் பெட்டியைப் பிரித்து ப்ளக்கைச் சொருகினால் உடனே பாடிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. ஒரு சாயங்காலம் டிவிக்குப் பின்னால் தலையை விட்டு ஒயரோடு மல்லுக்கட்டத் தயாராக இருந்தால் வாங்குங்கள். இந்த ஸ்பீக்கரைப் பற்றி வரும் புகார்களில் பாதிக்கு மேல், "சத்தமே வரலை", "ம்ம்ம்னு இரையுது", "பேஸே இல்லை" என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு வெளியேதான். அதனால் இந்த விமர்சனத்தில் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவதைவிட, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நம்ம வீட்டு ஒயரிங்கைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருந்த பட்ஜெட் 3,000 ராண்டு. அந்த விலைக்குக் கடைக்காரர்கள் எல்லாரும் சவுண்ட்பாரைத்தான் காட்டுவார்கள். சவுண்ட்பார் பார்க்க ஒழுங்காக இருக்கும், டிவிக்குக் கீழே படுத்துக்கொள்ளும், சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் லோட்டஸ் எஃப்எம், மத்தியானம் சன் டிவி, ராத்திரி யூடியூபில் கச்சேரி என்று ஓடுகிற வீட்டில் இடது வலது என்று பிரிந்து கேட்கிற சுகத்தை அந்த விலை சவுண்ட்பார் தராது. நாதஸ்வரம் ஒரு பக்கமும் தவில் ஒரு பக்கமுமாக உட்கார வேண்டுமென்றால் இரண்டு தனிப் பெட்டி வேண்டும், அவ்வளவுதான்.

இதில் இரண்டு பெட்டி. வலப்பக்கப் பெட்டிக்குள்தான் ஆம்ப்ளிஃபையர், அதனால் அது கனம். இடப்பக்கப் பெட்டி வெறும் ஸ்பீக்கர், வலது பெட்டியிலிருந்து போகும் ஒயரில் ஓடுவது. ஒவ்வொன்றிலும் பேஸுக்கு 4 அங்குல வூஃபர், கீச்சு ஒலிக்கு 13 மில்லிமீட்டர் பட்டுத் துணி ட்வீட்டர், இரண்டு பெட்டியும் சேர்த்து 42 வாட். புளூடூத், ஆப்டிகல், கோஆக்சியல், அப்புறம் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ இரண்டு ஜோடி. ரிமோட் உண்டு. எச்டிஎம்ஐ கிடையாது, அதை எதிர்பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒலி, பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் மூன்றும் வலது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கின்றன, முன்பக்கம் இல்லை. டிவி கேபினட்டின் தட்டுக்குள் இறுக்கமாக வைத்தால் விரல் நுழையாது. சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் எரிச்சல் படுத்தும்.

முதலில் இடது பெட்டிக்குப் போகும் ஒயர். இரண்டு முனையிலும் வெறும் செம்புக் கம்பி, அதை ஸ்பிரிங் கிளிப்பை அமுக்கிச் சொருக வேண்டும். கம்பி இழைகளை நன்றாக முறுக்கிவிட்டுச் சொருகுங்கள். ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துக் கிளிப்பைத் தொட்டாலும் ஷார்ட்டுதான். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மாறிப்போனாலும் சத்தம் வரும், அதுதான் சிக்கலே. சத்தம் வருகிறதே என்று விட்டுவிடுவோம். ஆனால் இரண்டு பெட்டியிலும் அதிர்ந்து ஒலி எழுப்பும் கோன்களில் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கிருந்தோ பரவலாக வரும். "பேஸே இல்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பின்னால் திருப்பி நிறத்தைப் பார்த்தீர்களா? இன்னொன்று, டர்பன் ஈரக்காற்றுக்கு வெறும் செம்பு நாளாக நாளாகக் கறுத்து, பிறகு லேசாகப் பச்சை பூத்துவிடும். ஒரு பக்கம் கரகரவென்றால் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு ஒரு சென்டிமீட்டர் புதிதாக உரித்துச் சொருகினால் போதும்.

இப்போது டிவி. இங்கேதான் நிறையப் பேர் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புகிறார்கள். ஆப்டிகல் கேபிள் பெட்டியிலேயே வருகிறது. அதன் இரண்டு முனையிலும் குன்றிமணியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிந்த நிறம், சட்டென்று கண்ணில் படாது. அதை எடுத்துவிட்டுத்தான் சொருக வேண்டும். டிவியை ஆன் செய்து, கேபிளின் மறுமுனையைக் கையில் பிடித்துப் பாருங்கள், சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் டிவி ஒலியை அனுப்புகிறது. பொட்டு இல்லையென்றால் டிவி அமைப்பில் ஒலி வெளியீடு இன்னும் டிவி ஸ்பீக்கரிலேயே இருக்கிறது.

வெளிச்சம் இருக்கிறது, ரிமோட்டில் ஆப்டிகலும் தேர்ந்தெடுத்தாயிற்று, ஆனால் சத்தம் இல்லை, அல்லது டகடகவென்று ஏதோ இரைச்சல். இதற்குக் காரணம் டால்பி. டிவியோ, சேனல் தரும் டிகோடர் பெட்டியோ ஒலியைச் சுருக்கி டால்பி டிஜிட்டலாக அனுப்பும், இந்த ஸ்பீக்கருக்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. அது புரிந்துகொள்வது பிசிஎம் என்ற சுருக்காத டிஜிட்டல் ஒலி மட்டும்தான், அதுவும் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில், கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது, ஆனால் கையேட்டை யார் படிக்கிறார்கள்? டிவியின் ஒலி அமைப்புக்குள் போய் டிஜிட்டல் வெளியீடு என்று இருக்கும் இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்றிருப்பதை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். ஒரு சேனலில் சத்தம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்ற விசித்திரப் புகாருக்கும் இதுதான் மருந்து. சில சேனல் சாதா ஸ்டீரியோவில் வருகிறது, சில சேனல் டால்பியில். டிஎஸ்டிவி என்ற டிஷ் சேவையின் டிகோடரை எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுத்து, டிவியிலிருந்து ஆப்டிகல் எடுக்கிறவர்கள் டிகோடரின் ஒலி அமைப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பிசிஎம் ஆக்கினால் தரம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். இருப்பதே இரண்டு ஸ்பீக்கர், ஐந்து ஸ்பீக்கருக்கான டால்பியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்.

அடுத்து இரைச்சல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம்ம ஊர் ஒயரிங் அப்படி. எங்கள் வீட்டில் முதலில் ஆர்சிஏ கேபிளைத்தான் டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கொடுத்திருந்தோம். படம் நின்றால்கூட அடியில் ஒரு "ம்ம்ம்ம்" நிற்காமல் ஓடியது, தேனீக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. டிவியில் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இரைச்சல் அளவு மாறவில்லை. இது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். கண்டுபிடிக்கும் முறை எளிது: ஒவ்வொரு ஒயராகக் கழற்றுங்கள். ஆர்சிஏயை டிவியிலிருந்து பிடுங்கியதும் நின்றுவிட்டால் ஸ்பீக்கர் சுத்தம். மறுபடி மாட்டிவிட்டு, டிகோடருக்குப் பின்னால் திருகியிருக்கும் டிஷ் கேபிளைக் கழற்றுங்கள். அப்போது நின்றால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான் என்று அர்த்தம். கூரையில் இருக்கும் டிஷ் ஒரு வழியாகப் பூமியைத் தொடுகிறது, வீட்டு மின்சார போர்டின் எர்த் இன்னொரு வழியாகத் தொடுகிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன வித்தியாசம் உங்கள் ஆடியோ ஒயரின் உறை வழியாக ஓடுகிறது.

தீர்வு? ஆப்டிகலுக்கு மாறுவதுதான். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை, பூமிச் சுற்று அங்கேயே அறுந்துவிடும். எங்கள் வீட்டில் கேபிளை மாற்றிய கணத்தில் இரைச்சல் போய்விட்டது. ஆப்டிகல் துளை இல்லாத பழைய டிவி என்றால் ஆர்சிஏ நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற குட்டி டப்பா கிடைக்கிறது, கார் ஸ்டீரியோ கடைகளில் கேளுங்கள். லேப்டாப்பை இணைக்கும்போது சார்ஜர் போட்டால் இரைந்து, சார்ஜரைப் பிடுங்கினால் அடங்குகிறது என்றால் அதுவும் இதே கதைதான். எல்லாவற்றையும் ஒரே மல்டிப்ளக்கில் கொடுத்துப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும். ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: எர்த் பின்னை வெட்டிவிடுவது. "அண்ணா, எர்த்தை எடுத்துட்டா சரியாயிடும்" என்று யோசனை சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருக்கிறார். இரைச்சல் போகும், உண்மைதான். ஏதாவது ஒரு கருவியில் கசிவு ஏற்பட்டால் ஆளும் போவான்.

ப்ளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம சுவரில் இருப்பது மூன்று தடித்த வட்டப் பின் உள்ள சாக்கெட். வெளிநாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு மெல்லிய பின்தான் வரும், அதற்கு ஒரு அடாப்டர், அது தளர்ந்து ஆடும், ஆடினால் ஸ்பீக்கர் டப் டப் என்று அதிரும். அது ஸ்பீக்கர் கோளாறு இல்லை. சர்ஜ் பாதுகாப்புள்ள நல்ல மல்டிப்ளக்கில் போட்ட பணம் வீணாகாது. 2023-இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரை போன காலத்தில் கரண்ட் திரும்பி வரும் அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் எல்லார் வீட்டிலும் டிவி ப்ளக்கைப் பிடுங்கி வைத்தோம். 2024 மார்ச் 26-க்கு அப்புறம் பத்து மாதம் போல நிம்மதி, 2025-இல் மறுபடி எட்டிப் பார்த்தது. போய்விட்டது என்று முழுசாக நம்பி யாரும் இன்வெர்ட்டரை விற்கவில்லை.

இன்வெர்ட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. மலிவு இன்வெர்ட்டர்கள் தருவது உண்மையான சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. அதில் ஓடும்போது இந்த ஸ்பீக்கர் மட்டுமல்ல, பல ஆம்ப்ளிஃபையர்கள் கரகரவென்று ஒரு சன்னமான ரீங்காரம் விடும். கரண்ட் இருக்கும்போது சுத்தமாகப் பாடி, இன்வெர்ட்டரில் மட்டும் இரைந்தால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருக்கும் இன்வெர்ட்டரில் அந்தத் தொந்தரவு இருக்காது.

சரி, ஒலி எப்படி? குரல் இதன் பலம். சீரியல் வசனம், செய்தி, பாட்டில் பாடகர் மூச்சு எடுப்பது எல்லாம் தெளிவாகக் கேட்கும். டிவியில் "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆயா இப்போது கேட்பதில்லை, அதுவே பெரிய சான்றிதழ். வீணை, வயலின், புல்லாங்குழல் அழகு. நாதஸ்வரத்தைச் சத்தமாக வைத்தால் மட்டும் ட்ரெபிள் கொஞ்சம் குத்தும், குமிழை நடுவிலிருந்து ஒரு சொட்டு குறைத்துவிடுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை "நம்" என்பது கச்சிதம், தொப்பியின் "தோம்" பாதிதான் வருகிறது. 4 அங்குல வூஃபரிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. உறுமி மேளம் வயிற்றில் வந்து இடிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதாது. பெயரின் கடைசியில் ஒரு எஸ் சேர்ந்த ஆர் 1280 டிபிஎஸ் என்ற வகையில் சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே ஒரு தனிப் பெட்டி, இணைக்கத் துளை இருக்கிறது, என்னிடம் இருக்கும் இதில் இல்லை. பின்னால் சப்வூஃபர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அந்த எஸ்ஸைப் பார்த்து வாங்குங்கள்.

வைக்கும் இடம் பாதி ஒலி. காற்றுத் துளை முன்பக்கம் இருப்பதால் சுவரை ஒட்டி வைத்தாலும் பெரிய கேடில்லை, இடம் குறைந்த லவுஞ்சுக்கு இது வசதி. ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வரட்டும், இரண்டு பெட்டிக்கும் நடுவே இருக்கும் தூரமும் உங்களுக்கும் பெட்டிக்கும் இருக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஒன்றை டிவிக்குப் பக்கத்திலும் இன்னொன்றைச் சாமி அலமாரிக்கு மேலும் வைத்துவிட்டு ஸ்டீரியோ இல்லை என்று சொல்லக் கூடாது.

ஆனால் ராத்திரிக்கு இது உதவாது, குறைந்தபட்சம் எங்கள் தெருவில். சாட்ஸ்வொர்த்தில் அறுபதுகளில் கட்டிய யூனிட் வீடுகளில் பல, சுவரைப் பகிர்ந்துகொண்ட இரட்டை வீடுகள். பேஸ் சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வாசலில் பிடித்து, "தம்பி, நேத்து ராத்திரி உங்க வீட்டுக் கச்சேரி எங்க கட்டிலுக்கு அடியில நடந்துச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், இருந்தாலும் புரிந்தது. அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் ஹெட்ஃபோன்.

ஹெட்ஃபோன் சோனி டபிள்யூஎச்-சிஎச் 720 என். 192 கிராம்தான், தலையில் இருப்பதே தெரியாது. இரைச்சல் நீக்கியோடு 35 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம், வாரக்கணக்கில் சார்ஜ் நினைவே வராது என்பது என் அனுபவம். பிப்ரவரிப் புழுக்கத்தில் காது வியர்க்கும், காதை முழுசாக மூடும் எந்த ஹெட்ஃபோனுக்கும் அது பொது. வியர்வையைத் துடைத்து வைத்தால் காதுத் தலையணை உரியாமல் நாள் வரும்.

டிவியோடு புளூடூத்தில் இணைத்தால் ஒலி பின்தங்கும். சினிமாவில் பரவாயில்லை என்று ஓட்டலாம், கிரிக்கெட்டில் முடியாது, பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய பிறகு "டக்" என்று கேட்கும். டிவியில் ஒலித் தாமதம் என்று ஒரு அமைப்பு இருக்கிறதே, அதை வைத்துச் சரி செய்யலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான டிவிகளில் அது ஒலியை இன்னும் பின்னுக்குத்தான் தள்ளும், முன்னுக்கு இழுக்காது. அதனால் டிவிக்கு ஒயர்தான் சரி. 3.5 மில்லிமீட்டர் துளை இந்த ஹெட்ஃபோனில் இருக்கிறது, நீளமான ஒரு கேபிள் தனியாக வாங்கிக்கொண்டால் முடிந்தது. ஃபோனில் யூடியூப் பார்க்கும்போது இந்தத் தொல்லை தெரிவதில்லை, ஏனென்றால் அங்கே படத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திக்கொள்கிறது.

லேப்டாப்பில் இன்னொரு வகைத் தலைவலி. பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், மீட்டிங் ஆரம்பித்ததும் எல்லாம் பழைய டெலிஃபோன் மாதிரி ஆகிவிடும். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது புளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறி, ஸ்டீரியோவை விட்டுவிட்டு ஒற்றை ஒலியாக்கிவிடுகிறது. ஹெட்ஃபோன் கெட்டுப்போகவில்லை. மைக் இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பீக்கர் இடத்தில் ஸ்டீரியோ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், தரம் திரும்பிவிடும். ஃபோன், லேப்டாப் இரண்டோடும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் ஃபோனில் வரும் வாட்ஸ்அப் டிங் கூட நடுவில் புகுந்து கெடுக்கும், வேலை நேரத்தில் ஃபோன் பக்கம் துண்டித்துவிடுவது உத்தமம். ஒயரில் ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லையென்றால் ஃபோன் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சட்டைப்பை பஞ்சு அடியில் உருண்டு கிடக்கும், ஜாக் முழுசாக இறங்காது. மரப் பல்குத்தியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் கோளாறு இருந்தால்தான் அது பொருளின் கோளாறு. இங்கே ஒரு விஷயம். இந்த ஹெட்ஃபோனுக்கு முன்னால் வேறொரு மலிவு ஹெட்ஃபோன் வாங்கியிருந்தோம், சில வாரத்தில் இடது காது செத்துப்போனது. மால் கடை ஒன்று, பெயர் வேண்டாம். கவுண்டரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள், ரிப்பேருக்குத்தான் அனுப்புவோம், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒட்டு சட்டத்தின் முன் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண், அதன் 56-ஆம் பிரிவின்படி, பழுதான பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான், கடைக்கு இல்லை. ரிப்பேர் செய்து கொடுத்து 3 மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால் மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் பணம். பிரிவு எண்ணைச் சொன்னதும் மேனேஜர் வந்தார், பணம் கிடைத்தது. மேனேஜரும் மசியவில்லையென்றால் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் சேவை ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம்.

ஆன்லைனில் வாங்கினால் இன்னும் ஒரு வசதி. பழுது இல்லாவிட்டாலும், பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் திருப்பலாம், 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் அப்படிச் சொல்கிறது, திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. ஸ்பீக்கர் போன்ற பொருளுக்கு இது முக்கியம், கடையின் கூடத்தில் கேட்பது ஒன்று, நம்ம லவுஞ்சில் கேட்பது வேறு. அதனால் அட்டைப்பெட்டி, தெர்மாகோல், கேபிள் முனையில் இருந்த அந்தக் குட்டி மூடி உட்பட எதையும் அந்த ஒரு வாரம் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.